புகையும் மறதியும்: நம் தோட்டத்துப் பெரியவர்களை யார் காப்பது?



புகை நமக்குப் புதிதல்ல. விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது இடுப்பில் தொங்கவிட்ட கொசுவத்திப் புகை, ரப்பர் ஷீட் காய்வதற்காகப் புகைவீட்டில் இரவும் பகலும் போட்ட விறகுப் புகை, அடுப்படியில் கித்தா விறகு எரித்த புகை, மறுநடவுக்குச் சாய்த்த மரங்களைக் குவித்துக் கொளுத்தியபோது வாரக்கணக்கில் அடங்காத புகை, செம்பனை மில்லின் புகைபோக்கி கக்கும் கரும்புகை. இத்தனைக்கும் நடுவில்தான் நம் பாட்டன் பாட்டி பிழைத்தார்கள், நம் அப்பா அம்மா பிழைத்தார்கள். "புகையைத் தின்னே வளர்ந்த உடம்புய்யா இது, எங்களுக்கு என்னா வரப் போவுது?" என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

என்ன வரும் என்பதில் பாதி நமக்கே தெரியும். இருமல் வரும், இளைப்பு வரும், கண் எரியும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் புகை ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்லி வெகு காலம் ஆகிவிட்டது. மீதிப் பாதிதான் பலருக்குத் தெரியாது. மூக்கு வழியாகப் போகும் புகை மூளைக்கும் கெடுதல் செய்கிறது. வயதான காலத்தில் நினைவைத் தேய்க்கிறது. இதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் எழுதி வைத்திருப்பதைக் கேட்டு, படித்து, நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது தொழிற்சங்கக்காரனின் வேலைகளில் ஒன்று. சம்பள உயர்வு மட்டும் சங்கத்தின் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பளம் வாங்கிய கை, கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையின் முகத்தை அடையாளம் தெரியாமல் தடவிப் பார்க்கும் நிலை வந்தால், அந்தச் சம்பளத்தால் என்ன பயன்?

மறதி வேறு, மறதி நோய் வேறு

வயதானால் கொஞ்சம் மறதி எல்லோருக்கும் வரும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்து போகும், பேரனைக் கூப்பிடும்போது மகன் பெயர் வாயில் வரும். இது நோய் இல்லை.

மறதி நோய் வேறு. டாக்டர்கள் அதை டிமென்ஷியா என்கிறார்கள். அதில் பல வகை உண்டு. அதிகமாக வருவது அல்சைமர் என்ற வகை. ரத்தக் குழாய் கெட்டு மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாமல் வருவது இன்னொரு வகை. நம் நாட்டில் மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லோருமே 'ஞாஞுக்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். சொல்லும்போது சிரிப்பும் வருகிறது. வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற மருமகளுக்குத்தான் அது சிரிப்பில்லை என்று தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா. முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் பாய்லர் பக்கம் வேலை செய்தவர். லயத்திலிருந்து கடைக்குப் போகிற பாதை, கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். ஒரு நாள் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் பார்த்தால், எதிர்ப் பக்கம் பெரிய சாலையோரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். "வீடு எங்கப்பா இருக்கு?" என்று லாரிக்காரனைக் கேட்டிருக்கிறார். வீட்டில் என்ன சொன்னார்கள்? "வயசாச்சுல்ல." அக்கம் பக்கத்தில் சிலர் சொன்னது, "யாரோ ஏதோ வச்சிட்டாங்க." கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், கயிறு கட்டினார்கள். கிளினிக்குக் கூட்டிப் போக இரண்டு வருஷம் ஆயிற்று.

அவருக்கு நோய் வந்தது புகையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஓர் ஆளை மட்டும் வைத்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் முப்பது வருஷம் பாய்லர் பக்கம் நின்றார் என்ற விவரத்தை யாரும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

2018-ல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் முதியவர்களிடம் ஆய்வு நடத்தியது. 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 8.5 பேருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம் இது இன்னும் அதிகம். பள்ளிக்கூடம் போகாத முதியவர்கள் எங்கே அதிகம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தலைமயிரில் முப்பதில் ஒரு பங்கு

புகையில் இருக்கும் கெடுதல் எது? கண்ணுக்குத் தெரிகிற சாம்பலும் கரியும் பெரும்பாலும் மூக்கிலேயும் தொண்டையிலேயும் தங்கிவிடும். சளியோடு வெளியே வந்துவிடும். மோசமானது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. இதற்கு பி.எம். 2.5 என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அதில் இரண்டரைக் கூறு அளவோ அதற்கும் சிறியதோ ஆன தூசி. நம் தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. விறகு, குப்பை, டீசல், காட்டுத்தீ, மில் பாய்லர், எது எரிந்தாலும் இது வரும்.

இது உள்ளே போனால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய் உட்காரும். அங்கே புண் மாதிரி ஓர் அழற்சியை உண்டாக்கும். அந்த அழற்சி நுரையீரலோடு நிற்காது. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். ரத்தக் குழாய் தடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மூளை நம் உடம்பு எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கிற பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கை அதுதான் செலவழிக்கிறது. ரத்தக் குழாய் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது மூளை. வெளியே தெரியாத சின்னச் சின்னப் பக்கவாதம் வந்து, மூளையில் அங்கங்கே இடம் செத்துப் போகும். ஒரு நாளில் தெரியாது. பத்து வருஷம், இருபது வருஷத்தில் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்பு இருக்கிறது. அது நேராக மூளைக்குப் போகிறது. மிக மிக நுண்ணிய தூசி அந்த வழியாகவே ஏறிப் போக முடியும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். 2016-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை பார்பரா மாஹெர் குழுவினர், மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் இறந்துபோன 37 பேரின் மூளையைச் சோதித்தார்கள். உள்ளே இரும்புத் துகள்கள். உடம்பே உண்டாக்கும் இரும்புத் துகளுக்கு ஒரு வடிவம் உண்டு. இவர்கள் கண்ட துகள்களில் பல உருண்டையாக இருந்தன. பெரும் சூட்டில் எரிந்து உருகி ஆறும் பொருளுக்குத்தான் அந்த வடிவம் வரும். வண்டி எஞ்சினிலும் உலையிலும் பிறந்தது மனிதன் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது!

உலகம் கண்டது என்ன?

முதலில் சந்தேகம் வந்தது மெக்சிகோ நகரத்து நாய்களைப் பார்த்துத்தான். 2000-களின் தொடக்கத்தில் லிலியான் கால்டெரோன் என்ற பெண் மருத்துவர், அந்த நகரத்துத் தெரு நாய்களின் மூளையை, காற்று சுத்தமாக இருக்கும் ஊர் நாய்களின் மூளையோடு ஒப்பிட்டார். புகை நகரத்து நாய்களுக்கு வயது ஏறுவதற்கு முன்பே அல்சைமர் நோயில் வருவது போன்ற மாற்றங்கள் இருந்தன. நாய்க்கு என்ன கவலை, பீடியா சிகரெட்டா, கள்ளா சாராயமா? அது செய்த குற்றமெல்லாம் அந்தக் காற்றை மூச்சு விட்டதுதான்.

பிறகு மனிதர்களைப் பார்த்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 66 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்து, 2001 முதல் 2012 வரை யாருக்கு மறதி நோய் வந்தது என்று கணக்குப் போட்டார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. வண்டி நெரிசல் மிகுந்த சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு, 300 மீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைவிட மறதி நோய் 100-க்கு 7 பங்கு அதிகம். 50 முதல் 100 மீட்டருக்குள் என்றால் 4 பங்கு. அதற்கும் தள்ளிப் போனால் 2 பங்கு. சாலையை விட்டுத் தள்ளத் தள்ளக் கெடுதலும் படிப்படியாகக் குறைகிறது பாருங்கள். தோட்டத்தை விற்ற பிறகு நம் ஆட்களுக்குக் கிடைத்த அடுக்குமாடி வீடுகள் எத்தனை, நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கின்றன என்பதையும் கூடவே எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 65 முதல் 79 வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அரசாங்கம் வகுத்த அளவுக்கு மேல் நுண்தூசி இருந்த ஊர்களில் மறதி நோய் வரும் ஆபத்து கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று அதே 2017-ல் சொன்னார்கள். பிரிட்டனில் அரசாங்கம் அமைத்த மருத்துவ நிபுணர் குழு ஏறக்குறைய 70 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, 2022-ல் தன் கருத்தைச் சொன்னது: காற்று மாசு ரத்தக் குழாயையும் இருதயத்தையும் கெடுப்பதன் வழியாக மறதி நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று.

நமக்கு மிக நெருக்கமானது கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு. 60 வயதைத் தாண்டிய 12 லட்சம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, காட்டுத்தீப் புகையை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. மூன்று வருஷச் சராசரியில் காட்டுத்தீ நுண்தூசி ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் கூடினால், மறதி நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு 100-க்கு 18 பங்கு கூடுகிறது. வண்டிப் புகையைவிடக் காட்டுத்தீப் புகைக்கு வீரியம் அதிகம். ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் பாதிப்பு இன்னும் அதிகம். நல்ல வீடு, இறுக்கி மூடும் ஜன்னல், ஏர்கோன் எல்லாம் யாரிடம் இருக்கிறது? காரணத்தைத் தேடி வெகு தூரம் போக வேண்டாம்.

படிப்புக் குறைந்தவரை அதிகம் அடிக்கிறது

சீனாவில் 2010-லும் 2014-லும் ஒரே குடும்பங்களுக்கு இரண்டு முறை சோதனை வைத்தார்கள். வார்த்தைகளை நினைவு வைத்துச் சொல்ல வேண்டும், கணக்குப் போட வேண்டும். காற்று கெட்டிருந்த ஊர்களில் மதிப்பெண் குறைந்தது. வயது ஏற ஏற இன்னும் குறைந்தது. அதிலும் யாருக்கு அதிகம்? படிப்புக் குறைந்த, வயதான ஆண்களுக்கு. வெளியில், வெட்டவெளியில் உழைப்பவர்கள் அவர்கள்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2018-ல் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

மறதி நோய் பற்றி உலக நிபுணர்கள் கூடி 'லான்செட்' மருத்துவ ஏட்டில் அறிக்கை வெளியிடுகிறார்கள். 2020-ல்தான் காற்று மாசை முதன்முறையாகக் காரணப் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 அறிக்கையில் 14 காரணங்கள் இருக்கின்றன. இந்த 14-ஐயும் சரி செய்தால் உலகில் வரும் மறதி நோயில் 100-க்கு 45-ஐத் தடுக்கலாம் அல்லது தள்ளிப் போடலாம் என்கிறார்கள். அதில் காற்று மாசின் பங்கு 3. சிறு வயதில் படிப்புக் குறைந்ததன் பங்கு 5. காது கேளாமையின் பங்கு 7. தனிமையில் கிடப்பதன் பங்கு 5.

"மூணுதானே, அதுக்கா இத்தனை பேச்சு?" என்று கேட்கலாம். இந்தப் பட்டியலை ஒரு தோட்டத்துத் தாத்தா மேல் வைத்துப் பாருங்கள். படிப்பு நாலாம் வகுப்பு. மில் இரைச்சலில் காது போச்சு. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், லயத்தில் தனியாக இருக்கிறார். ரத்த அழுத்தம், இனிப்பு நீர் இரண்டும் உண்டு. அதன் மேல் புகை. ஒவ்வொன்றும் ஒரு செங்கல் என்றால் அவர் முதுகில் ஒரு சுவரே ஏறி நிற்கிறது. படிப்பைத் திரும்பக் கொடுக்க முடியாது. புகையைக் குறைக்க முடியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகையில் வேலை செய்த எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று அர்த்தம் இல்லை. தொண்ணூறு வயதிலும் பேரன் பேத்தி பிறந்த தேதி சொல்லும் ஆயாக்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். யாரும் பயந்து படுத்துவிட வேண்டாம். ஆபத்து கூடுகிறது என்பதுதான் சேதி.

நம் நாட்டுப் புகைமூட்டம்

1997-ல் சுமத்ராவிலும் களிமந்தானிலும் எரிந்த காட்டுப் புகை வந்து நம்மை மூடியது. சரவாக்கில் அவசரகாலம் அறிவித்தார்கள். கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 839 வரைக்கும் ஏறியது. 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரகாலம். 2013 ஜூனில் மூவாரில் 746. மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரகாலம். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இந்த இடங்களைச் சுற்றியெல்லாம் தோட்டங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் மூடிய நாளில் பெரட்டு மட்டும் நின்றதா? குலை வெட்ட ஆள் போகாமல் இருந்ததா?

குற்றம் முழுவதையும் கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடவும் முடியாது. கிள்ளானுக்குப் பக்கத்தில் ஜொஹான் செத்தியாவில் காம்புட் நிலம் எரிந்து எத்தனை தடவை குறியீடு ஏறியிருக்கிறது! காம்புட் மண் என்பது மக்கிய செடி கொடி சேர்ந்த மண். அதில் தீ பிடித்தால் பூமிக்கு அடியிலேயே கனன்று கொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது.

குறியீட்டை எப்படிப் படிப்பது? 50 வரை நல்லது. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கெடுதல். 201 முதல் 300 வரை மிகக் கெடுதல். 300-க்கு மேல் அபாயம். 2018 ஆகஸ்டுக்கு முன்பு இந்தக் கணக்கில் நுண்தூசி பி.எம். 2.5 சேரவில்லை, அதைவிடப் பெரிய தூசியைத்தான் அளந்தார்கள். அப்படியென்றால் 1997-லும் 2013-லும் நம் பெரியவர்கள் உள்ளே இழுத்த நுண்தூசி எவ்வளவு என்று அந்தக் குறியீடு நமக்குச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவு, ஒரு கன மீட்டருக்கு வருஷச் சராசரி 5 மைக்ரோகிராம். 2005-ல் அது 10 ஆக இருந்தது. படிக்கப் படிக்கக் கெடுதல் அதிகம் என்று தெரிந்ததால்தான் பாதியாகக் குறைத்தார்கள்.

வீட்டுக்குள் நாமே போடும் புகை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். காஸ் அடுப்பு வந்துவிட்டது என்றாலும், வெந்நீர் வைக்கவும், திருவிழாச் சமையலுக்கும் விறகு இன்னும் எரிகிறது. சாயங்காலம் ஆனால் வாசலைக் கூட்டி, இலை, பிளாஸ்டிக் பை, பால் டின் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைப்பது பெரியவர்களுக்கு வழக்கம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கொசு வராதுப்பா" என்பார்கள். பிளாஸ்டிக் எரியும் புகை விறகுப் புகையைவிடக் கெட்டது. வெட்டவெளியில் எரிப்பதை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கொசுவத்திச் சுருளைச் சாமானியமாக நினைக்காதீர்கள். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து சோதித்து 2003-ல் முடிவு சொன்னார்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் சுருள் வைத்துத் தூங்கும் பாட்டி, ராத்திரி முழுக்க என்ன இழுக்கிறார் என்று கணக்குப் பாருங்கள். டெங்கி இருக்கும் ஊரில் கொசுவை விட்டுவிடவும் முடியாது. கொசுவலை கட்டுங்கள். பழைய ஆட்கள் கட்டியதுதானே!

வீட்டில் செய்ய வேண்டியவை

குறியீடு 100-ஐத் தாண்டினால் 60 வயதுக்காரர்களை வெளியே வேலை செய்ய விடாதீர்கள். தோட்டம் கொத்துவது, புல் வெட்டுவது எல்லாம் ஒத்திப் போடலாம். வேகமாக மூச்சு வாங்கினால் அதிகத் தூசி உள்ளே போகும். கைப்பேசியில் சுற்றுச்சூழல் இலாகாவின் கணக்கைப் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஈரத் துணியை முகத்தில் கட்டுவதால் நுண்தூசி நிற்காது. என்.95 என்ற கவசம்தான் அதைத் தடுக்கும். அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இளைப்பு உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

மறதி அதிகமாகிறது, தெரிந்த பாதை தெரியவில்லை, காசு எண்ணத் தடுமாறுகிறார், கேட்டதையே பத்து தடவை கேட்கிறார், குணம் மாறிவிட்டது என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தேதி கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். இவ்வளவுதான் முதல் சோதனை. தைராய்டு, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும்; அவை மருந்துக்கு அடங்கும். அரசாங்க உதவித் தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் ரத்த அழுத்தம், இனிப்பு, கொழுப்புச் சோதனை இலவசம். அந்த மூன்றும் மூளைக்கும் எதிரிகள்தான். டாக்டர் முன்னால் உட்காரும்போது, என்ன வேலை செய்தார், எத்தனை வருஷம் புகையில் நின்றார் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள்.

தோட்டத்தில் கேட்க வேண்டியவை

வீட்டில் என்னதான் பார்த்துக்கொண்டாலும், மில் புகைபோக்கியை மருமகள் அடைக்க முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும்.

2019 புகைமூட்டத்தின்போது ஒரு தோட்டத்தில் முகக்கவசம் கேட்டுப் போனோம். ஆளுக்கு ஒரு துணிக் கவசம் கொடுத்தார்கள். "இத துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் ஆபீசில் இருந்தவர். அது நுண்தூசியைத் தடுக்காது என்றதற்கு, "புகை என்னா நாங்களா போட்டோம்?" என்று பதில். அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, முடிந்த வரைக்கும் பாதுகாப்பான வேலையிடம் தருவது முதலாளியின் கடமை. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதி அதில் உட்கார வேண்டும். 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்கிறது. எந்த நாள், எந்த அளவு புகை அதில் சேரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பேசுவதற்கு வாசல் திறந்திருக்கிறது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

ஒன்று, பெரட்டுக் களத்தில் தினமும் காற்றுக் குறியீட்டை எழுதி வைக்க வேண்டும். தமிழிலும் மலாயிலும், வங்காள, நேப்பாள ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும். அவர்களும் இதே காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

இரண்டு, எந்த அளவில் வெளிவேலையை நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். நிறுத்திய நாளுக்குச் சம்பளம் உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும். டன் கணக்குக்கு வேலை செய்பவனிடம் "உடம்பைப் பாத்துக்க, வீட்ல இரு" என்றால், அவன் உடம்பைப் பார்ப்பானா, அரிசி டின்னைப் பார்ப்பானா?

மூன்று, என்.95 கவசம் தோட்டத்துச் செலவில் தர வேண்டும். அழுக்கானால் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

நான்கு, குப்பையை வாரம் தவறாமல் எடுக்க வேண்டும். குப்பை வண்டி வராத லயத்தில் எரிக்காதே என்று போர்டு மட்டும் மாட்டி என்ன புண்ணியம்?

ஐந்து, மில்லிலிருந்து கரும்புகை வந்தால் தேதி, நேரம், படம் எடுத்து வைத்துச் சங்கக் கிளையிடம் கொடுங்கள். 2014 சுத்தக் காற்று விதிமுறைகள் மில்லையும் கட்டுப்படுத்தும்.

ஆறு, புகைமூட்ட நாளில் பெரியவர்கள் வந்து இருப்பதற்கு, மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ ஜன்னல் சாத்திக் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்த ஓர் அறை வேண்டும். தனியாகக் கிடப்பவர்களுக்கு நாலு பேர் துணையும் கிடைக்கும். அதுவும் மூளைக்கு மருந்து.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பார்கள். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் நிலக்கரிப் புகை மூடியது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். "குளிர் நாட்டில் கரி எரிக்காமல் முடியுமா?" என்றுதான் அன்று பலரும் பேசினார்கள். 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. அந்தப் பழைய புகை இன்று லண்டனில் இல்லை.

காற்று சுத்தமானால் மூளைக்கும் லாபம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 74 வயதைத் தாண்டிய பெண்களைப் பார்த்ததில், காற்று சுத்தமாகிக்கொண்டே வந்த ஊர்களில் மறதி நோய் குறைந்தது. 2022-ல் வந்த அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ இரண்டு மூன்று வயது குறைந்ததற்குச் சமமான லாபம். எழுபது வயதுக்கு மேல் இனி என்ன பிரயோசனம் என்று கைவிடுவதற்கு இடமே இல்லை.

பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பென்ஷனை எண்ணி வாங்கி, கோயிலுக்குத் தானே நடந்து போய்த் திரும்புகிற இரண்டு வருஷம் ஒரு பெரியவருக்கு எவ்வளவு பெரிய சொத்து! அதைப் புகைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். காய்ந்த மாதம் வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். புகை வந்த பிறகு போனால், மறுபடியும் துணிக் கவசம்தான் கிடைக்கும்.